டெல்டாவா, வானம் பார்த்த பூமியா, மலையடிவாரமா? நகரை விட்டுச் செல்லும் குடும்பத்துக்கு ஒரு நிலக் கணக்கு

2019ஆம் ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் தொட்டிகளில், நடைக்கு 25 லட்சம் லிட்டராகத் தண்ணீர் சென்னைக்கு வந்து இறங்கியபோது, ஊருக்கே போய்விடலாம் என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்தது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து அந்தப் பேச்சை இன்னும் வலுவாக்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பலருக்குக் கிராமம் என்பது தாத்தா காலத்து உறவு. சோற்றுக்கும் தண்ணீருக்கும் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு எழுவது இயல்பே. அந்த ஆசை சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. போவதென்று தீர்மானித்துவிட்ட, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் உள்ள, ஓரளவு சேமிப்பு மட்டுமே வைத்திருக்கும் ஒரு குடும்பம், தமிழ்நாட்டுக்குள் எந்த வகை நிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதை வாங்க வேண்டுமா, குத்தகைக்கு எடுக்க வேண்டுமா என்பதையே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தற்சார்பை ஏக்கராகவும் சென்டாகவும் மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஆளுக்கு மாதம் 8 கிலோ அரிசி என்று வைத்தால், நால்வருக்கு ஆண்டுக்கு 384 கிலோ வேண்டும். நெல்லை அரைத்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரிசியாக நிற்கும் என்பதால், 600 கிலோ நெல் இருந்தால் போதும். மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்ற மரபு ரகங்கள் இரசாயன உரமின்றி ஏக்கருக்கு 1,000 முதல் 1,500 கிலோ வரை விளையக்கூடியவை. ஆக 60 சென்டில் அரிசிக் கவலை தீரும். மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய்க்கு ஆண்டில் 100 கிலோவுக்குச் சற்று அதிகமான நிலக்கடலைக் காய் வேண்டும்; மழையை மட்டும் நம்பும் மானாவாரியில் அதற்கு 25 சென்ட் ஆகும். பருப்பு வகைகளுக்கு இன்னொரு 25 சென்ட், காய்கறிக்கு 10 சென்ட், ஒரு நாட்டு மாட்டுக்கும் கன்றுக்கும் தீவனத்துக்கு 50 சென்ட், வீடு, களம், கிணறு, தொழுவம் ஆகியவற்றுக்கு 15 சென்ட் என்று கூட்டினால் இரண்டு ஏக்கருக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இந்தக் கூட்டலைப் பார்த்ததும் பலரும் நிம்மதியடைந்து நிலம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இதில் விளைச்சல்தான் இருக்கிறது, ரொக்கம் இல்லை. உப்பு, துணி, மருந்து, பெட்ரோல், கைபேசிக் கட்டணம், பள்ளிச் செலவு எதுவும் நிலத்தில் விளைவதில்லை. நகரத்தில் இல்லாத ஒரு செலவும் கூடவே வரும்: மொய். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளைக் கண்டவர்களுக்கு, கிராமத்தில் பணம் எவ்வளவு சுறுசுறுப்பாக நடமாடுகிறது என்பது தெரியும். காது குத்து முதல் கருமாதி வரை செய்முறை செய்யாதவர் ஊரில் ஒட்டமாட்டார்; ஒட்டாதவருக்கு நடவு நாளில் ஆள் கிடைக்காது.

தஞ்சாவூரில் பிறந்து, பிற்காலத்தைத் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, சமச்சீர் உணவுக்கு எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் வேண்டும் என்று கணக்கிட்டபோது, ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியையே அலகாக எடுத்துக்கொண்டார். வீட்டை அலகாகக் கொள்ளாததற்குக் காரணம் எளிது. செக்கு, அரவை ஆலை, கலப்பைக் கொழுவைத் தட்டித் தரும் பட்டறை, பொலி காளை, விதை இவற்றையெல்லாம் ஒரு வீடு தனக்கென வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே நிலத்தை ஒப்பிடும்போது அதைச் சுற்றியுள்ள ஊரையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஆளரவமற்ற இடத்தில் மலிவாகக் கிடைக்கும் பத்து ஏக்கரைவிட, செக்கும் மில்லும் ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள இரண்டு ஏக்கர் தற்சார்புக்கு அதிகம் உதவும்.

அடுத்த அளவுகோல் தண்ணீர். எதிலும் விட்டுக்கொடுக்க முடியாத அளவுகோலும் அதுதான். 900 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 36 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. 60 சென்ட் நெல்லுக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய 29 லட்சம் லிட்டர் பிடிக்கும். மொத்தக் கணக்கில் தாராளம்தான். ஆனால் தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், அதிலும் சில நாள்களில் கொட்டித் தீர்க்கிறது. கோடையில் 10 சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 2,000 லிட்டர் வரை தேவைப்படும். மாட்டுக்கும் வீட்டுக்கும் வேண்டியதையும் கூட்டினால் மொத்தம் 3,000 லிட்டர் என்று கொள்ளலாம். நூறு அடி நீளமும் நூறு அடி அகலமும் ஐந்து அடி ஆழமும் கொண்ட பண்ணைக் குட்டையில் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும் என்றாலும், சித்திரை பிறப்பதற்குள் அதில் பெரும்பங்கை வெயிலும் மண்ணும் குடித்துவிடும். எனவே தை மாதத்தில் நிலம் பார்க்கப் போவது பெண்ணை அலங்காரத்தோடு மட்டும் பார்த்துவிட்டு வருவதற்குச் சமம். சித்திரை, வைகாசியில் போய்க் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

காவிரி டெல்டா

அரிசியே தற்சார்பின் மையம் என்று நினைப்பவர்கள் டெல்டாவை நாடுவதில் நியாயம் உண்டு. வண்டல் படிந்த களிமண்ணில் சம்பா நெல் தவறாமல் வரும். அறுவடைக்குச் சில நாள்கள் முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே தெளிக்கும் உளுந்தும் பச்சைப் பயறும் மண்ணின் ஈரத்தைக் கொண்டே விளைந்துவிடும். அரிசியும் பருப்பும் ஒரே வயலில், ஒரே போகத்தின் தண்ணீரில் கிடைப்பது தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு எளிதில் அமையாது. மரபு விதைக்கும் அலைய வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கி வளர்த்த நெல் திருவிழா, விதையைக் கைமாற்றும் வழக்கத்தை அந்த வட்டாரத்தில் வேரூன்றச் செய்துவிட்டது. 2020இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தால், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் பற்றிய அச்சமும் ஓரளவு தணிந்திருக்கிறது.

குறைகள் நிலத்துக்குள் நுழைந்த பிறகே தெரியவரும். டெல்டாவில் உங்கள் வயல் தனித்து இயங்குவதில்லை. தண்ணீர் மேல்வயலிலிருந்து வந்து கீழ்வயலுக்கு வடிகிறது. மேல்வயலில் தெளித்த பூச்சிக்கொல்லியும் கூடவே வருகிறது. 160 நாள் வயதுள்ள மாப்பிள்ளைச் சம்பாவையோ 180 நாள் வயதுள்ள காட்டுயானத்தையோ நீங்கள் நட்டிருந்தால், அண்டை வயல்களில் அறுவடைக்கு நீரை வடிக்கும் நேரத்தில் உங்கள் பயிர் பால் பிடித்துக்கொண்டிருக்கும். அறுவடை இயந்திரம் வரும்போது எல்லாருடைய வயலும் ஒருசேரக் காய்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. நிலக்கடலையும் காய்கறியும் பழமரங்களும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவருக்கு, ஐப்பசியில் தண்ணீர் கட்டி நிற்கும் களிமண் ஏற்றதன்று. கொள்ளிடக் கரையோரப் படுகை நிலங்கள் இதற்கு விதிவிலக்கு. அங்கே குழாய்க் கிணற்று நீரில் வாழையும் கத்தரியும் நன்றாக வரும், விலையும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கும்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவது மரபு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தபோது, ஆற்றையே நம்பியிருந்தவர்கள் ஒரு போகத்தை முழுதாக இழந்தார்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. வேதாரண்யத்தை ஒட்டிய, ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. ஆக, டெல்டாவிலேயே தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடு இரு மாவட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது. கடைமடை நிலத்தை விலை குறைவு என்பதற்காக வாங்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத யோசனை.

வானம் பார்த்த பூமி

புதுக்கோட்டை, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களின் புஞ்சை நிலங்களைப் பற்றி நகரத்தில் நல்ல பெயர் இல்லை. வறட்சி, சீமைக் கருவேலம், பிழைக்க வழியில்லாமல் வெளியேறிய மக்கள் என்ற மூன்றும்தான் நினைவுக்கு வரும். அவை பொய்யுமில்லை. இருந்தும், நான் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு இந்த நிலமே பொருத்தமானது என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இங்கே ஒரே நிலத்தில் பலவகைப் பயிர் வைக்க முடியும். செம்மண்ணில் நிலக்கடலை, எள், துவரை, மொச்சை, முருங்கை ஆகியவையும், கரிசலில் கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் ஆகியவையும் மழையை மட்டும் நம்பி வரும். வேலியில் பனை நின்றால் நுங்கும் கிழங்கும் ஓலையும் பராமரிப்பின்றியே கிடைக்கும். ஆடு வளர்ப்புக்கு இதைவிட ஏற்ற பகுதி இல்லை; அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் இரண்டு கிடாய்களை விற்பதுதான் இங்கே வழக்கம் என்பதால், மேலே சொன்ன ரொக்கப் பிரச்சினைக்கும் அது ஒரு பதிலாகிறது.

இரண்டாவது, குடும்பத்தின் தட்டு மாறினால் தண்ணீர்க் கணக்கே மாறிவிடும். நாளுக்கு ஒரு வேளை குதிரைவாலியோ வரகோ சாமையோ உண்ணத் துணிந்தால், 60 சென்ட் நெல் 40 சென்டாகச் சுருங்கும். குழந்தைகள் முதல் மாதம் முகம் சுளிப்பார்கள் என்பதையும், வரகின் பல அடுக்கு உமியை நீக்க எல்லா ஊரிலும் இயந்திரம் இருக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறுதான் வேண்டும் என்ற குடும்பம் இங்கே வரக்கூடாது. அவர்களுக்கு டெல்டாவே சரி.

மூன்றாவது, கண்மாய் எனப்படும் பாசன ஏரி. பாதி நிலம் கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டில் நஞ்சையாகவும், மீதி மேட்டுப் புஞ்சையாகவும், இரண்டுக்கும் இடையே கண்மாய்க் கசிவில் ஊறும் திறந்த கிணறுமாக அமைந்த நிலமே இந்தப் பகுதியில் தேட வேண்டியது. கண்மாய் நிறைந்த ஆண்டில் ஒரு போக நெல் நிச்சயம். நிறையாத ஆண்டில் புஞ்சைப் பயிர் காப்பாற்றும். ஆனால் கண்மாயைப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் உயிரோடு இருக்கிறதா, மடை வேலை செய்கிறதா, மடை திறக்க ஊரில் ஆள் உண்டா, ஊரார் சேர்ந்து கண்மாயைச் சீரமைக்கும் குடிமராமத்து கடைசியாக எப்போது நடந்தது என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர்கூட இல்லாத ஊரில், கண்மாய் வரைபடத்தில் மட்டுமே இருக்கும். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வாங்குவது ஆபத்தானது. ஆலங்குடி வட்டாரத்தில் பல நூறு அடி துளையிட்டு நீர் எடுக்கிறார்கள்; அந்தப் போட்டியில் புதிதாக வருபவர் வெல்ல முடியாது. ராமநாதபுரத்தின் கடலோரத்தில் கிடைக்கும் நீரும் உவர்ப்பாக இருக்கும்.

அரசின் உதவிகளும் சிறு புஞ்சைக்காரருக்கு ஓரளவு சாதகமாக உள்ளன. இரண்டரை ஏக்கர் நஞ்சைக்கு அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்கு உட்பட்டவர் சிறு விவசாயி சான்று பெற்றால், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் கிடைக்கும். விவசாய மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புதிய இணைப்புக்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது என்பதால், இணைப்பு ஏற்கனவே உள்ள கிணறு என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். இல்லாவிட்டால் மானியத்தில் கிடைக்கும் சூரிய ஒளி மோட்டார் பம்புசெட்டே நடைமுறைக்கு ஏற்றது.

இந்த நிலத்தின் உண்மையான விலை, வாங்கும் தொகையில் முடிவதில்லை. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பதற்கும், வரப்பு கட்டுவதற்கும், பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்பதற்கும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரி விவசாயியின் பாட்டை நேரில் கண்டு அரசு வேலையை விட்டவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அவர் தமது கடைசிக் காலப் பணிக்குக் கரூர் மாவட்டம் கடவூரில் கற்கள் நிறைந்த வறண்ட இடத்தைத் தேர்ந்து வானகம் என்ற பண்ணையை அமைத்தார். புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியின் கொழுஞ்சிப் பண்ணையும் தரிசிலிருந்து மீட்கப்பட்டதுதான். இரண்டையும் போய்ப் பார்ப்பவர்கள் அங்கு இன்றைக்கு நிற்கும் மரங்களை மட்டும் பார்க்காமல், முதல் சில ஆண்டுகளில் என்ன செலவாயிற்று, யார் உழைத்தார்கள் என்றும் கேட்டு வந்தால் நல்லது.

மலையும் மற்றவையும்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப் பழனி மலை ஊர்களின் குளிர்ச்சிக்கு மயங்காதவர் அரிது. காப்பி, மிளகு, மலைவாழை, சவ்சவ் எல்லாம் அங்கு விளையும். ஆனால் நெல்லும் நிலக்கடலையும் எள்ளும் வராத இடத்தில் உணவுத் தற்சார்பு எங்கிருந்து வரும்? மலையில் நிலம் வைத்திருப்பவர் தோட்டக்காரர். விளைந்ததை விற்று அரிசி வாங்குபவர். அதற்கு நகரத்து வேலையே மேல் என்றுகூடச் சொல்வேன். காட்டுப்பன்றி, காட்டெருமை, குரங்கு ஆகியவற்றுக்கு விட்டது போக மிஞ்சுவதே நமக்கு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் நிலப் பயன்பாட்டை மாற்றவும் கட்டடம் கட்டவும் கட்டுப்பாடுகள் உண்டு. அரசு ஒப்படைத்த, விற்பதற்குக் கட்டுப்பாடு உள்ள நிபந்தனைப் பட்டா நிலங்களும் அங்கே நிறைய. விற்பவர் அதை வாய் திறந்து சொல்லமாட்டார்.

மலையடிவாரம் வேறு. ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்றும் சாரலும் வந்து சேரும் தென்காசி, செங்கோட்டைப் பகுதிக்கு இரு பருவங்களின் பயனும் உண்டு. குளத்துப் பாசன நெல்லும் புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சையும் அருகருகே விளைகின்றன. நகரமும் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. பணம் போதுமான அளவு இருந்தால், நான் புஞ்சைக்கு மேலாக வைக்கும் ஒரே இடம் இதுதான். அந்தப் பணம் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையும் இல்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் இதே பதில். அங்கே வெள்ளை ஈயும் வாடல் நோயும் கூடுதலாக உண்டு.

சென்னையைச் சுற்றி மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கங்களில் ‘பண்ணை நிலம்’ என்று 10 சென்ட், 20 சென்டாகப் பிரித்து விற்கிறார்களே, அவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுக் கிணறு, பராமரிப்புக் கட்டணம், வாசலில் காவலாளி என்று எல்லாம் இருக்கும். ஒரு மாட்டுக்கான தீவனத்துக்குக்கூட அந்தப் பரப்பு போதாது. விடுமுறைக்குப் போய்வர நன்றாயிருக்கும்.

பூர்வீகமா, கிரயமா, குத்தகையா

பூர்வீக நிலம் உள்ளவர்களுக்கு விலைச் சுமை இல்லை என்பதால் அதுவே முதல் தெரிவாகத் தோன்றும். ஆனால் பாகப்பிரிவினை ஆகாத நிலத்தில் குடியேறுவது, ஊருக்குப் போகும் முன்பே பங்காளிச் சண்டைக்கு நாள் குறிப்பதாகும். சித்தப்பாவும் பெரியப்பாவும் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பெண் மக்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை உண்டு என்பதால், அத்தைகளின் பங்கையும் விசாரிக்க வேண்டும். பல ஆண்டுகளாக வேறொருவர் உழுதுவரும் நிலமென்றால், 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். நகரத்திலிருந்து வந்து திடீரென்று எழுந்திருக்கச் சொல்வது சட்டப்படியும் நடக்காது, நியாயமும் ஆகாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர் திரும்புவது எல்லாச் சாதியாருக்கும் ஒரே அனுபவமன்று. எந்தத் தெருவின் அவமதிப்பிலிருந்து தப்பித் தாத்தா நகரத்துக்கு வந்தாரோ, அந்தத் தெருவுக்கே பேரன் திரும்ப வேண்டுமா என்ற கேள்வி எழும் குடும்பங்களுக்குப் பூர்வீகத்தைவிட, அறிந்தவர் யாரும் இல்லாத வேறு வட்டாரம் மேலானதாகலாம்.

கிரயத்துக்கு வாங்குபவர் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவற்றைக் கேட்பார். இது எல்லாரும் சொல்வதுதான். கேட்க மறப்பவை மூன்று. கிணற்றில் எத்தனை பங்கு, எந்த நாள் முறை, மின் இணைப்பில் பாத்தியம் உண்டா என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘கிணறு இருக்கிறது’ என்ற வாய்ச்சொல், நாலில் ஒரு பாகமாகவும் வாரத்தில் இரண்டு நாள் முறையாகவும் முடிவது உண்டு. வண்டிப்பாதை நில அளவை வரைபடமான புலப்படத்தில் உள்ளதா, அண்டை நிலத்தாரின் தயவில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நிலம் பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, பூமிதானத்தில் வந்ததா என்பதைக் கிராம ‘அ’ பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். மலிவாக ஒரு நிலம் காட்டப்பட்டால், இவற்றில் ஏதோ ஒன்று இல்லை என்றே முதலில் எண்ணிக்கொள்வது நல்லது. பத்திரச் செலவுக்கென்று, மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஒதுக்க வேண்டும்.

குத்தகைக்கு எடுத்துப் பழகுவதே நான் பரிந்துரைக்கும் வழி. இதில் ஒரு சிக்கல் உண்டு: மேலே சொன்ன குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சி, நில உரிமையாளர்கள் எழுத்தில் குத்தகை கொடுக்கத் தயங்குவார்கள். வாய்மொழியாக ஓராண்டு தருவார்கள். மண்ணைத் திருத்தி வைத்தால் அடுத்த ஆண்டு கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எனவே குத்தகை நிலத்தில் மண்ணை மீட்கும் செலவைச் செய்யக்கூடாது. அங்கே கற்க வேண்டியது பயிர்த்தொழிலையும் ஊரையும்தான். ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மழைக்காலமும் அதே ஊரில் வாடகை வீட்டில் இருந்தால், எந்தக் கிணறு வற்றுகிறது, எந்த நிலம் உண்மையில் விலைக்கு வரும், அது ஏன் விலைக்கு வருகிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். தரகர் காட்டும் நிலத்துக்கும் ஊரார் சொல்லி வரும் நிலத்துக்கும் விலையில் உள்ள இடைவெளியே குத்தகைத் தொகையை ஈடுகட்டிவிடலாம்.

பள்ளியும் மருத்துவமும்

பிள்ளைகளின் படிப்பை இழப்பாகவே பலரும் எண்ணுகிறார்கள். அது முழுக்க உண்மையில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டின் சட்டம் அளிக்கிறது; பின்னர் அது பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் விரிந்தது. ஆகவே மூத்த பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் செல்வதற்கும், எட்டாம் வகுப்பில் செல்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் பிள்ளையை இடம் மாற்றுவதைவிட, அந்தப் பிள்ளை பள்ளியை முடிக்கும் வரை காத்திருப்பதே மேல்.

மருத்துவத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி பாம்புக்கடி பற்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் புஞ்சையிலும் வயலிலும் உண்டு. விஷமுறிவு மருந்து இருப்பு வைத்திருக்கும், இரவிலும் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் போய்ச்சேர முடியாத இடத்தை, தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் தள்ளிவிட வேண்டும். வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்பவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, நான் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு என் தெரிவு இதுதான்: புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதியில் வட்டத் தலைநகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், ஆயக்கட்டும் புஞ்சையும் கலந்த இரண்டு முதல் மூன்று ஏக்கர், முதலில் குத்தகை, பிறகு கிரயம். நகரத்து வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டால், அந்த வாடகை கிராமத்தின் ரொக்கச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கும். அதைத் தற்சார்புக்கு இழுக்கு என்று கூச்சப்படத் தேவையில்லை. வாடகைக்கு விட வீடு இல்லாதவர்கள், தம்பதியரில் ஒருவரின் சம்பளமோ வீட்டிலிருந்தே செய்யும் வேலையோ குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடரும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

டெல்டா யாருக்கு என்றால், பூர்வீக நஞ்சை தலைமடையில் இருப்பவர்களுக்கும், சுற்றிலும் நாலைந்து பேர் ஏற்கனவே மரபு நெல் பயிரிடும் ஊரில் நிலம் அமைபவர்களுக்கும். மலை, ஓய்வூதியம் வருகிற, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தம்பதியருக்கு. பள்ளி ஆண்டு ஜூனிலும் மானாவாரி விதைப்பு ஆடியிலும் தொடங்குவதால், குத்தகைப் பேச்சைச் சித்திரையிலேயே முடித்து, முதல் ஆண்டு பெற்றோரில் ஒருவர் மட்டும் சென்று, மற்றவர் பிள்ளைகளோடு அடுத்த ஜூனில் போய்ச் சேர்வது இரண்டு நாள்காட்டிகளுக்கும் பொருந்தும்.